சுறாநெய் பூசிய மோட்டார்

ஞானசிங் வாத்தியார் பெண் பார்க்க வந்த அன்று பெண்ணை அதிகம் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஓலைச்சாய்ப்பின் கீழ் நின்ற மோட்டார் வண்டியைத்தான் பார்த்தார். அதைச் சுற்றி வந்தார். அதன் பக்கவாட்டுத் தகரத்தில் விரலை வைத்து லேசாக அழுத்தினார். அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு விரல் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்து, நுனியில் ஒட்டியிருந்த செம்பொடியை வேட்டியில் படாமல் தட்டிவிட்டு, பெண்ணின் அப்பா ஜெபதாஸைப் பார்த்துச் சிரித்தார்.

“ஓடுமா வே?”

“ஓட்டத்துக்கு ஒரு குறையும் இல்ல சாறே. மேலதான் கொஞ்சம் துரு.”

“அப்பம் மேல சரியாக்கும். கோயில்ல கல்யாணக்கெட்டு முடிஞ்சதும் பொண்ணும் மாப்பிளையும் இந்த மோட்டார்ல மார்த்தாண்டம் வந்து எறங்கணும். காளைவண்டியில எவனும் வருவான். சந்தை முக்குல நிக்கவன் பாக்கணும், வாத்தியாருக்க மவன் மோட்டார்ல வாறான்னு. வேற ஒண்ணும் நான் கேக்கமாட்டேன். ஆனா இனி இதுல மீன் ஏத்தப்படாது. இன்னையோட நிறுத்தும்.”

பேசி முடியும்வரை வாத்தியார் தோள்துண்டின் நுனியை மூக்கோரம் பிடித்திருந்தார். சளியாக்கும் என்று ஜெபதாஸ் நினைத்துக்கொண்டார்.

ஜெபதாஸ் பனையேறியின் மகன். கருங்கல் பக்கத்தில் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போய்விட்டு, திற்பரப்புக்கு மேலே மலையில் ஒரு வெள்ளைக்காரனின் ரப்பர் தோட்டத்தில் வண்டி கழுவப் போனவர். கழுவிக் கழுவியே ஓட்டவும் கற்றுக்கொண்டார். கதவில் ஒரு கீறல் விழுந்ததற்குத் துரை அடித்த பிரம்படியின் தழும்பு முழங்காலுக்குப் பின்னால் இன்னும் கிடந்தது. ரப்பர் விலை விழுந்து தோட்டத்தை மூடிவிட்டுத் துரை கப்பலேறியபோது, கொட்டகையில் யாருக்கும் வேண்டாமல் நின்ற அந்தப் பழைய வண்டி அவர் கைக்கு வந்தது. பஸ் விடவேண்டும் என்பது அவர் ஆசை. வண்டிக்குக் கிடைத்தது மீன். குளச்சலில் கரையேறும் மீனை உப்புப் போட்டுக் கூடை கூடையாக ஏற்றி, பழைய ஆட்கள் தொடுவெட்டி என்று சொல்லும் மார்த்தாண்டம் சந்தையில் கொண்டுபோய் இறக்கினார். வருஷக்கணக்காக இதுதான் வேலை. கூடைகளிலிருந்து ஒழுகிய உப்புநீர் பலகை இடுக்கில் இறங்கித் தகரத்தைத் தின்றது.

மகள் குளோரிக்கு வந்த சம்பந்தங்களும் அப்படித்தான் அரித்துப்போயின. “அந்த மீன்வண்டிக்காரனுக்க மவளா?” என்று கேட்டுவிட்டு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். குளோரி ஏழாம் வகுப்புப் படித்தவள், நன்றாகப் பாடுவாள், லேஸ் பின்னுவாள். எல்லாம் இருந்தும் இந்த ஒரு கேள்வியில் வந்து நின்றுவிடும். இது மூன்றாவது இடம். பையன் சத்தியராஜ் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. இதையும் விட்டால் இனி யாரும் அந்தப் படியேற மாட்டார்கள் என்று வீட்டிலுள்ள மூன்று பேருக்கும் தெரியும்.

தெரியாதது ஒன்று உண்டு. அத்தனை வருஷம் மீனோடு கிடந்து அந்த வீட்டில் மூன்று மூக்குகளும் செத்துப்போயிருந்தன. துணியில், பாயில், தலைமுடியில் இருந்த வாடை அவர்களுக்கு வாடையாகவே படவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபதாஸின் மனைவி நேசபாயும் குளோரியும் உட்காரும் பாயில் வேறு யாரும் உட்காருவதில்லை. மோட்டார்க்காரர் வீடு என்கிற மரியாதைக்காக இடம் விடுகிறார்கள் என்று நேசபாய் நினைத்திருந்தாள். அந்த நினைப்பில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் வேலை தொடங்கியது. அது கழிந்ததும் கல்யாணம். வண்டியைக் கொல்லனிடம் கொண்டுபோக ஜெபதாஸ் ஒப்பவில்லை. தானே சாய்ப்பின் கீழ் கீழ்த்தகரங்களைக் கழற்றிப் போட்டார். நேசபாய்க்கும் குளோரிக்கும் ஆளுக்கொரு தகரம். மணலும் தேங்காய்ச் சவுரி நாரும் வைத்துத் தேய்க்கவேண்டும். பிறகு புளியைக் கரைத்துப் பூசி ஊறவிட்டு, உப்புத்தாளால் மறுபடி தேய்க்கவேண்டும். நேசபாயின் விரல்கள் வெடித்தன. வெடிப்பில் புளி இறங்கியபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை உதறினாள்.

“இஞ்ச பாருங்க, தீயா எரியுது. ரெண்டு நாள் விட்டுத் தேய்க்கட்டா?”

“கை ஆறிரும். தகரம் ஆறாது. தேயி.”

“நமக்கு ஒரு வில்வண்டி பிடிச்சா...”

அவள் முடிக்கவில்லை. அவர் கையிலிருந்த உப்புத்தாளோடு கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. கன்னத்தில் செந்தூள் அப்பிக்கொண்டது. குளோரி தலையைக் குனிந்து இன்னும் வேகமாகத் தேய்த்தாள். தனக்காகத்தான் இந்த அடி என்று அவளுக்குத் தெரியும். அம்மாவைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மட்கிப்போன இடங்களை ஜெபதாஸ் உளியால் வெட்டி எடுத்தார். மண்ணெண்ணெய் டின்களைப் பிளந்து, தட்டி நேராக்கி, ஒட்டுப் போட்டு ரிவிட் ஆணி அடித்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் வெள்ளியாகத் துடைத்து வைத்த பழைய தகரம் காலையில் ஆணியோரமாகச் சிவந்து நின்றது. மறுபடி தேய்த்தார்கள். மறுபடி சிவந்தது. உப்பு இரும்புக்குள்ளேயே போய்க் குடியிருந்தது. இதன்மேல் பெயின்ட் அடித்தால் கல்யாணத்துக்குள் பொருக்கு விடும். வாத்தியார் விரலை வைத்துப் பார்க்காமல் இருக்கமாட்டார்.

அப்போதுதான் அவருக்கு வள்ளக்காரர்களின் நங்கூரம் ஞாபகம் வந்தது. வருஷம் முழுதும் கடலில் கிடக்கிற அந்த இரும்பைச் சுறாநெய் பூசித்தான் அவர்கள் காப்பாற்றுகிறார்கள். குளச்சலில் பனியம்மாளுக்குச் சொல்லியனுப்பினார். பனியம்மாள் மீன் விற்கிறவள், அவர் வண்டியில் கூடையோடு ஏறிச் சந்தைக்குப் போய்வந்தவள். சுறா ஈரலை உருக்கி எடுத்த நெய்யை ஒரு பானை நிறைய அவளே தலையில் சுமந்து கொண்டுவந்து இறக்கினாள்.

“நங்கூரத்துக்குப் பூசலாம் டிரைவர் அண்ணே. மோட்டாருக்கு வேண்டாம் கேட்டியளா. இது காயாது. வெயில் பட்டா வேர்க்கும். வேர்த்தா மணக்கும், ஆளு இருக்க ஒக்காது.”

“மணம் உனக்க மேலுலதான். எனக்க வண்டியில இல்ல.”

அவள் சிரித்தாள். “செரி, என்னமும் செய்யும். பிள்ளைக்குக் கல்யாணம்னு கேட்டேன். நானும் வந்து ஒரு ஓரமா நின்னு பாத்துட்டுப் போறேன்.”

“வராத. வாத்தியாரு வீட்டு ஆளுவ வாற எடம். மீன்காரிய கோயில் நடையில பாத்தா எனக்க மவளுக்குக் குறைச்சல். இனி இந்தப் பக்கமே வராத.”

பனியம்மாள் தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியை உதறி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு வந்த வழியே நடந்தாள். பானையைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

ஜெபதாஸ் நெய்யைக் காய்ச்சிக் காவி கலந்தார். தகரத்தின் உட்பக்கம், ஒட்டின் இடுக்கு, ஆணித்தலை, இருக்கைக்குப் பின்னால் பலகையும் தகரமும் சேருகிற வரி, எல்லா இடத்திலும் கோழியிறகால் தொட்டுத் தொட்டு ஊற்றினார். காலையில் போய்ப் பார்த்தார். சிவக்கவில்லை. அடுத்த நாளும் சிவக்கவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்ததை நேசபாய் வெகுகாலத்துக்குப் பிறகு பார்த்தாள். மேலே பச்சை பெயின்ட் அடித்து, இருக்கைக்கு வெள்ளைத் துணி தைத்துப் போட்டு, ஹாரனின் பித்தளையைச் சாம்பலால் துலக்கினார்.

நெய் காய்ச்சிய அன்றே ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டது. கோயிலுக்கு எதிரே வெற்றிலைக்கடை வைத்திருந்த ரசலையன் கடையில்தான் அதைப் பற்றிய பேச்செல்லாம்.

“என்ன அண்ணா, செத்த சுறாவ வீட்டுக்குள்ள வச்சிருக்கானா அவன்?”

“மோட்டாருக்குப் பூசுகான். அதுலதான் பொண்ணு மாப்பிள ஊர்வலம்.”

“எளவே! யாராம் சொல்லப்படாதா அவன்ட்ட?”

ரசலையன் பாக்குவெட்டியை நிறுத்தினார். “ஒருத்தனும் வாயத் தொறக்கப்படாது. கெட்டன்னைக்கு இருக்கு கூத்து. பாப்போம்.”

ரசலையனுக்குக் காரணம் இருந்தது. அவர் அம்மாவுக்கு மூச்சு முட்டிய அன்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டு ஜெபதாஸின் முன்னால் கைகூப்பி நின்றார். “மீன் அழுகிப்போவும்” என்று சொல்லிவிட்டு ஜெபதாஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அம்மா காளைவண்டியில் போகும்போது வழியிலேயே கண்ணை மூடிவிட்டாள். மற்றவர்களுக்கு என்ன காரணம்? அவர்களில் யாருக்கும் குளோரி ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவள் பாட்டுக்காகவே ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் அதில் இருந்தார்கள். சொன்னாலும் ஜெபதாஸ் கேட்டிருக்கமாட்டார் என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர்கள் பேசாமலிருந்தது அதற்காக இல்லை. ஒரு வீடு விழுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைக்கும்போது விட்டுவிட யாருக்கு மனம் வருகிறது?

கல்யாணத்தன்று காலையில் கெட்டு நன்றாகவே முடிந்தது. வெள்ளைச் சேலையில் குளோரி வெளியே வந்தபோது, பச்சை மோட்டார் கோயில் நடையில் பூமாலையோடு நின்றது. ஞானசிங் தகரத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். உள்ளே போகவில்லை. காலைக் குளிரில் நெய்யின் வாடை பெயின்ட்டுக்கும் பூமாலைக்கும் அடியில் அடங்கிக் கிடந்தது. “கொள்ளாம்” என்று மெச்சினார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஜெபதாஸ் அத்தனை நாள் காத்திருந்தார்.

வாத்தியார் முன்னால் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் பெண், மாப்பிள்ளை, வாத்தியாரின் தங்கை ராஜபாய், இன்னும் சில பெண்கள். மற்றவர்கள் காளைவண்டிகளில் பின்னால் வந்தார்கள். செம்மண் சாலை, புழுதி கிளம்பினால் வெள்ளைச் சேலை என்னாகும் என்று ஜெபதாஸ் பக்கத்துப் படுதாக்களை எல்லாம் இறக்கி இறுகக் கட்டினார். சித்திரை வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. படுதாவுக்குள் வெப்பம் ஏறியது. தகரம் சுட்டது. பனியம்மாள் சொன்னதுபோல் நெய் வேர்க்கத் தொடங்கியது.

“நிறுத்தும்! வண்டிய நிறுத்தும்!” பின்னாலிருந்து ராஜபாய் அலறினாள்.

பாதி வழியில் ஒரு ஓடைப்பாலத்தின் பக்கம் வண்டி நின்றது. படுதாவைப் பிய்த்துக்கொண்டு ராஜபாய் குதித்தாள். ஓடைக்கரையில் குத்தவைத்து வாந்தியெடுத்தாள். மற்றப் பெண்களும் சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு இறங்கினார்கள். சத்தியராஜ் கறுப்புக் கோட்டைக் கழற்றித் தூர எறிந்தான். கடைசியாகக் குளோரி இறங்கினாள். முதுகில் தோளிலிருந்து இடுப்புவரை அந்த வெள்ளைச் சேலை காவி நெய்யில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவளுக்கு எதற்காக எல்லோரும் இறங்குகிறார்கள் என்றே புரியவில்லை.

“இது மோட்டாரா, கருவாட்டுப் பானையா?” ராஜபாய் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “எனக்க கொடலு வெளிய வந்துட்டு. அண்ணா, இவளுக்க முடியில மணந்து பாரும். ஊரு ஊரா அலைஞ்சு இதயா நம்ம பிள்ளைக்குப் பிடிச்சியரு?”

அதற்குள் காளைவண்டிகள் வந்து சேர்ந்தன. ரசலையன் இறங்கி வண்டியை எட்டிப் பார்த்தார்.

“என்னவே ஜெபதாஸு, உள்ள சுறா குட்டி போட்டிருக்கா?”

சிரிப்பு வெடித்தது. சாலையில் போனவர்களும் நின்றார்கள். ஜெபதாஸ் பின்பக்கம் ஏறித் தலையை உள்ளே நீட்டி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அவருக்கு ஒன்றும் படவில்லை. பெயின்ட்டும் மல்லிகைப்பூவும் மணப்பதுபோல்தான் இருந்தது. இறங்கி, கூட்டத்தில் நின்ற மனைவியைத் தேடினார்.

“ஏட்டி, நீ பாரு. நாத்தம் வருதா?”

நேசபாய் பயந்துகொண்டே முகர்ந்து பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியல்லியே...”

இந்த முறை சிரிப்பு அடங்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு காளைவண்டிச் சக்கரத்தில் சாய்ந்தவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் ஜெபதாஸுக்குப் புரிந்தது. கோயிலில் தனியாகக் கிடந்த பாய் புரிந்தது. வாத்தியார் மூக்கோரம் துண்டைப் பிடித்திருந்ததும் சளியால் இல்லை. அவர் தன் உள்ளங்கையை முகத்துக்குக் கொண்டுபோனார். பிறகு பாதியில் கீழே இறக்கிவிட்டார். குளோரி அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

ஞானசிங் சத்தம் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பாகப் போட்ட பையனைப் பார்ப்பதுபோல் குளோரியை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“கெட்டு முடிஞ்சு போச்சு. இனி என்னத்தச் செய்ய.” பிறகு ஜெபதாஸிடம் திரும்பி, “நாங்க காளைவண்டியில போறோம். நீரு பொறத்தால வாரும். தள்ளி வாரும். சந்தை முக்குல ஹாரன் அடிச்சிராதியும்.”

ராஜபாய் ஒரு சாக்கை விரித்து, ஒரு காளைவண்டியின் பின் ஓரத்தில் குளோரியை உட்காரவைத்தாள். மாப்பிள்ளை முன்னால் வேறு வண்டியில் ஏறிக்கொண்டான். ஜெபதாஸ் காளைகளின் நடைக்கு வண்டியை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் போகிற வண்டியில், சாக்கின்மேல், சாலைக்கு முகம் காட்டி மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வைக்கு நேரே அவர் இருந்தார். ஆனால் அவள் மாட்டுவண்டியின் தடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மார்த்தாண்டத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பந்தலுக்குள் பெண்ணை விடவில்லை. பக்கவாட்டு வழியாகக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள். வேலி இடுக்கு வழியாக ஜெபதாஸ் பார்த்தார். குளோரி கல்யாணச் சேலையோடு துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். ராஜபாய் நாரத்தை இலையைக் கசக்கி அவள் தலையில் வைத்துத் தேய்த்தாள். “இன்னும் கொண்டா, இன்னும் கொண்டா” என்று சொல்லச் சொல்ல, கிணற்றிலிருந்து வெள்ளம் கோரிக் கொடுத்தது நேசபாய். பந்தலுக்கு வந்திருந்த பெண்களெல்லாம் சுற்றி நின்றார்கள். ஒருத்தி பக்கத்தில் வந்து குனிந்து மோந்து பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு கொடம் ஊத்து மைனி” என்றாள்.

பந்தி தொடங்கியது. பெண்ணின் அப்பனுக்கு முதல் இலை. அவர் சோற்றில் கைவைத்த பிறகுதான் மற்றவர்கள் உண்பார்கள். ஜெபதாஸ் முகத்தைக் கழுவிக்கொண்டு பந்தல் வாசலுக்கு வந்தார். ஞானசிங் எதிரே வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

“சம்பந்தி, உமக்கு எலை அங்க போடச் சொல்லியிருக்கு. வண்டிக்க பக்கத்துல. நாலு பெரியவங்க வந்திருக்காங்க, போதகரு இருக்காரு. தப்பா நினைக்கப்படாது. மொத எலைக்கு ஒங்க ஊர்க்காரரு ஒருத்தர இருத்தியாச்சு.”

முதல் இலையில் ரசலையன் உட்கார்ந்திருந்தார்.

ஜெபதாஸ் திரும்பி வண்டியைப் பார்த்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட ஒரு நிமிஷம் ஆகாது. மகளையும் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். எங்கே? அந்த வீட்டுக்குத்தானே. அவர் சரியென்று தலையை ஆட்டினார். சாலையோரம் வண்டியின் நிழலில், மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பரிமாற வந்த ஆள் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, தூரத்தில் நின்றபடியே கையை நீட்டிச் சோற்றைப் போட்டான். பாதி இலையில் விழுந்தது, பாதி மண்ணில்.

உண்ணும்போது பக்கவாட்டு ஜன்னலைப் பார்த்தார். குளோரி நின்றுகொண்டிருந்தாள். யாருடையதோ பழைய சேலை, ஈரம் சொட்டும் தலை. அவளுக்கு இருபக்கமும் ராஜபாயும் இன்னொருத்தியும் நின்று சாலையைக் காட்டி ஏதோ பேசினார்கள். ஜெபதாஸ் இடது கையைக் கொஞ்சம் உயர்த்தினார். குளோரி அவரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலைத்தலைப்பை எடுத்து மெதுவாக மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வாடை அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

ராஜபாய் அவள் தோளில் கைவைத்து உள்ளே அழைத்துப்போனாள். இவள் இங்கே பிழைத்துக்கொள்வாள் என்று ஜெபதாஸ் நினைத்தார்.  அவர் இலையில் இருந்ததையெல்லாம் வழித்து உண்டார். பிறகு பந்தலில் இருக்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திக் கூப்பிட்டார்.

“சோறு கொள்ளாம். இன்னும் கொஞ்சம் போடும்.”